பறிக்காத கை

சென்ற மாதம் எங்கள் பள்ளி மாணவர் 30 பேரை அழைத்துக்கொண்டு ஏற்காட்டுக்குப் போய்வந்தேன். சேலத்திலிருந்து மலையேறும் பாதையில் 20 கொண்டையூசி வளைவுகள். பிள்ளைகள் ஒவ்வொன்றையும் உரக்க எண்ணிக்கொண்டே வந்தார்கள். பாதி வழியில் கணக்குத் தவறி, இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடவும் தொடங்கிவிட்டார்கள். ஏரியில் படகு விடுவதற்காகவே இந்தப் பிரயாணம் என்பது அவர்கள் எண்ணம். எனக்கோ வேறு நோக்கம் இருந்தது. சேர்வராயன் மலையின் அருமையான செடிகொடிகளை அவர்கள் கண்ணாரக் காணவேண்டும். கண்ட பிறகு வெறுங்கையோடு திரும்பவேண்டும். இரண்டாவது பாடம் எவ்வளவு கடினமானது என்பதை நான் அறிவேன். ஒரு காலத்தில் அதில் நானே தோற்றவன்.

கல்லூரிப் படிப்பை முடித்த புதிதில், இதே மலையில் ஒரு மரக்கிளையின்மீது பூத்திருந்த ஆர்க்கிட் செடியைக் கண்டு மயங்கினேன். அதை வேரோடு பெயர்த்து, ஈரத்துணியில் சுற்றிச் சேலத்துக்குக் கொண்டுவந்து, வீட்டு மாமரத்தில் கட்டினேன். காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன். சித்திரை வெயில் வந்தது, செடி சருகாயிற்று. ஆசையினால் செய்தாலும் கொலை கொலைதானே?

இந்த ஆர்க்கிட்டுகளைப் பலர் புல்லுருவி என்று எண்ணுகிறார்கள். அது வீண் பழி. புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சும். மரத்தில் வாழும் ஆர்க்கிட்டோ அங்கே இடம் மட்டுமே கேட்கிறது. அதன் வேரைப் பஞ்சு போன்ற உறை ஒன்று மூடியிருக்கிறது. மழைநீரையும் பனியீரத்தையும் அந்த உறையே பற்றிக்கொள்கிறது. ஒரு காயில் ஆயிரக்கணக்கில், சில இனங்களில் இலட்சக்கணக்கில், தூளைப் போன்ற விதைகள் உண்டு. ஆனால் அந்த விதைக்குள் முளைக்கு வேண்டிய உணவு இல்லை. தகுந்த பூஞ்சை ஒன்று வந்து ஊட்டினால்தான் அது முளைக்கும். ஆகவே இலட்சம் விதையில் ஒன்றிரண்டு பிழைப்பதே அரிது. இத்தனை தடைகளைத் தாண்டி வளர்ந்த உயிரை நான் ஒரே நிமிஷத்தில் பெயர்த்துவிட்டேன்.

ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் 1963-ஆம் ஆண்டில் நிறுவிய தேசிய ஆர்க்கிட் தோட்டத்துக்கு முதலில் சென்றோம். பூச்சியைப் பிடித்துண்ணும் குடுவைச் செடியைச் சுற்றிப் பிள்ளைகள் ஈயாக மொய்த்தார்கள். மேகாலயத்துக் காடுகளைத் தாயகமாகக் கொண்ட செடி அது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1991-இல் திருத்தப்பட்டபோது காவல் பெற்ற ஆறு வகைத் தாவரங்களில் அதுவும் ஒன்று.

பிறகு இம்மலையின் பெயரையே தன் பெயரில் தாங்கிய 'வெர்னோனியா ஷேவராயென்ஸிஸ்' என்ற மரத்தைப் பற்றிச் சொன்னேன். சூரியகாந்தியின் குடும்பத்தில் பிறந்தும் மரமாக வளர்வது அதன் விசேஷம். இன்று மிக அருகிவிட்டது. உடனே ஒரு பையன், "காட்டில் அது எங்கே இருக்கிறது, சார்?" என்று கேட்டான். எங்களுக்கு வழிகாட்டியாக வந்த மலைவாசிப் பெரியவர் முந்திக்கொண்டு, "இருக்கிற இடத்திலே இருக்கு, தம்பி" என்றார்.

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு யோசனை பிறந்தது. அரிய செடியைக் காட்டினால் அதன்மேல் அன்பு வளரும். திருடனுக்கும் வழி தெரிந்துவிடும். காட்டாமல் மறைத்தாலோ, அது அழியும்போது அழுவதற்கு ஒருவரும் இரார்.

இங்கிலாந்தில் இதே சங்கடம் நேர்ந்தது. 'சீமாட்டியின் பாதரட்சை' என்று பொருள்படும் பெயருள்ள ஆர்க்கிட்டை அங்கே ஆசைக்காரர்கள் தோண்டித் தோண்டி எடுத்து, அது அற்றே போயிற்று என்று எண்ணும்படி செய்துவிட்டார்கள். 1930-இல் யார்க்ஷயரில் ஒரே ஒரு செடி அகப்பட்டது. இடத்தை வெளியிடாமல் பல பத்தாண்டுகள் அதைக் காத்தார்கள். பின்னர் கியூ தோட்டத்து அறிஞர்கள் அதன் விதையிலிருந்து கன்றுகளை வளர்த்தார்கள். இன்று அந்நாட்டு மக்கள் சில இடங்களில் கன்றுகளைப் பார்க்கலாம். தாய்ச்செடியின் இடம் மட்டும் ஊரறியச் சொல்லப்படுவதில்லை. நமக்கும் இது தகுந்த வழியே. தோட்டத்தில் தாராளமாகக் காட்டுவோம். காட்டில் இருப்பதை ஊரெங்கும் தண்டோராப் போடவேண்டாம்.

தமிழில் நல்ல மதிப்பெண் வாங்கும் மாணவன் ஒருவன் விடவில்லை. "குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களைச் சொல்கிறாரே, அந்தப் பெண்கள் பறித்துக் குவிக்கத்தானே செய்தார்கள்?" என்றான். கேள்வி நியாயமானதுதான். "அவர்கள் பறித்தது பூவை, நாம் பெயர்ப்பது செடியை. அன்று காடு பெரிது, கை சிறிது. 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இம்மலைக்குக் காப்பிப் பயிரைக் கொண்டுவந்தார். அதன் பிறகு காப்பிக்கும், நிழலுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் மரத்துக்கும், வீடுகளுக்கும், பாக்ஸைட் தாது தோண்டுவதற்கும் காடு இடம் கொடுத்துக் கொடுத்துச் சுருங்கிவிட்டது" என்றேன். அவன் சற்று யோசித்துத் தலையாட்டினான்.

திரும்பும் வழியில், காற்றில் முறிந்து விழுந்த கிளை ஒன்று பாதையோரம் கிடந்தது. அதன்மேல் உயிருள்ள ஆர்க்கிட் செடி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. "இது தானாக விழுந்ததுதானே, சார், வீட்டுக்குக் கொண்டுபோகலாமா?" என்று ஒரு சிறுவன் கெஞ்சினான். இருபது வருஷத்துக்கு முந்திய என் முகத்தையே அவன் முகத்தில் கண்டேன். என் மாமரத்தின் கதையை அவனுக்குச் சொன்னேன். பெரியவர் நாரைக் கிழித்து, "வாத்தியாரய்யா, நீங்களே கட்டிவிடுங்க" என்று என் கையில் கொடுத்தார். பக்கத்து மரத்தில், நிழல் விழும் பக்கமாகப் பார்த்து, நானும் அந்தச் சிறுவனும் செடியைப் பட்டையோடு சேர்த்துக் கட்டினோம்.

கோடை விடுமுறைக்குக் குழந்தைகளோடு மலைக்குச் செல்லும் பெற்றோர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஏரியைப் பாருங்கள், படகும் விடுங்கள். பிறகு அரை நாளை ஆர்க்கிட் தோட்டத்துக்கென்று ஒதுக்கி, குழந்தைகள் பத்துச் செடிகளின் பெயரையாவது எழுதிக்கொண்டு வரச் செய்யுங்கள். பாதையோரத்தில் செடிகளைப் பெயர்த்து விற்பவர் எவரேனும் எதிர்ப்பட்டால், விலை பேசாமல் நடந்துவிடுங்கள்.

நாங்கள் கட்டிய செடி பிழைத்ததா என்று பார்க்க அடுத்த மழைக்காலத்தில் மறுபடியும் போகிறோம். மரம் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள். இருக்கிற இடத்தில் இருக்கிறது.