1967 சீசனுக்கு எந்த 8 டிராக்? என் ஓட்டு இதுதான்

1/ இன்னைக்கு சுகர், பிரஷர் எதுவும் இல்லை மக்களே. ஞாயிறு ராத்திரி நானும் சில நண்பர்களும் வீட்டிலிருந்தே ஸ்டியரிங், பெடல் வைத்து ஓட்டும் சிம் ரேஸ் பற்றிய இழை. அடுத்த சீசனுக்கு 1967 ஃபார்முலா 1 கார்கள், 8 ரேஸ். எந்த 8 டிராக் என்று வாட்ஸ்அப் குரூப்பில் மூன்று நாளாகச் சண்டை. என் பங்குக்கு நானும் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

2/ முதலில் ஒரு தப்பை ஒத்துக்கணும். போன சீசனில் மூன்றாவது ரேஸே நூர்பர்க்ரிங் வைத்தோம். ஒரு சுற்று 22.8 கிமீ. அப்போதுதான் சேர்ந்திருந்த ஒரு கல்லூரித் தம்பியால் ஒரு சுற்றைக்கூட முழுசா முடிக்க முடியவில்லை. அடுத்த வாரம் வரவில்லை. அப்புறம் வரவே இல்லை. "நூர்பர்க்ரிங் வைங்க" என்று கை தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

3/ அன்றைக்குப் புரிந்தது இதுதான். காலண்டர் என்பது நமக்குப் பிடித்த டிராக்குகளின் பட்டியல் இல்லை. அது ஒரு கேள்வித்தாள். யார் ஜெயிப்பார் என்பதை மட்டுமல்ல, கடைசி ரேஸ் வரை யார் கூட இருப்பார் என்பதையும் அதுதான் முடிவு செய்கிறது.

4/ 1967 கார் எப்படிப்பட்டது? 3 லிட்டர் எஞ்சின். காரைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும் விங் கிடையாது, அது அடுத்த வருஷம்தான் வந்தது. பெரும்பாலான ஓட்டுநர்கள் சீட் பெல்ட்கூட போடாத காலம். ரோட்டோரத்தில் மரம், வீடு, பள்ளம். வேகத்தைக் கொஞ்சம் மிச்சம் வைத்து ஓட்டச் சொன்னது பயம்.

5/ சிம்மில் அந்தப் பயம் இல்லை. மோதினால் ஒரு பட்டன், புது கார். நாங்கள் சிபிஆர் கற்றுக்கொள்வதும் பொம்மை மேல்தான். பொம்மை சாகாது, தப்பு பண்ணிக் கற்கத்தான் அது இருக்கிறது. ஆனால் "பொம்மைதானே" என்று ஏனோதானோன்னு அழுத்தினால் நிஜ நோயாளியிடமும் கை அப்படித்தான் போகும். அதனால்தான் பக்கத்தில் ஒருவர் நின்று ஆழம் சரியா, வேகம் சரியா என்று பார்க்கிறார். சிம்மில் பயம் செய்ய வேண்டிய வேலையை காலண்டரும் விதிகளும்தான் செய்யணும்.

6/ "டாக்டர், ஆபத்து இருந்தாதான் கிக்கு" என்று குரூப்பில் ஒருவர் எழுதினார். அவருக்காக மொனாக்கோ 1967. மொத்தம் 100 சுற்று. 82-வது சுற்றில், இரண்டாமிடத்தில் வந்துகொண்டிருந்த லோரென்சோ பாண்டினியின் ஃபெராரி துறைமுகத்து சிகேனில் மோதிக் கவிழ்ந்தது. ஓரத்தில் தடுப்பாக வைத்திருந்தது வைக்கோல் கட்டுகள். தீ. மூன்று நாள் கழித்து இறந்தார், வயது 31. தீக்காய வார்டில் வேலை பார்த்த யாருக்கும் அந்த மூன்று நாள் என்னவென்று சொல்லத் தேவையில்லை.

7/ அப்போ மொனாக்கோவைத் தூக்கிடலாமா? கூடாது. அதே சிகேன் இருக்கும் பழைய வடிவத்தையே வைக்கணும். களைத்த நேரத்தில் கவனம் எப்படி நழுவுகிறது என்று அந்த டிராக் மாதிரி வேறெதுவும் கற்றுத்தராது. ஆனால் 10 சுற்று ஓட்டிவிட்டு எழுந்து போகக்கூடாது. குறைந்தது ஒரு மணி நேரம், ரீசெட் பட்டன் கிடையாது.

8/ ஸ்பாவும் அப்படியே. பழைய 14.1 கிமீ ஸ்பா, ஊர் ரோடுகள். 1967-ல் டான் கர்னி அங்கே ஜெயித்தது சராசரி மணிக்கு சுமார் 235 கிமீ வேகத்தில். முந்தைய வருஷம் அங்கேதான் மழையில் ஜாக்கி ஸ்டீவர்ட் மோதி, பெட்ரோலில் நனைந்தபடி காருக்குள் 25 நிமிடம் போல மாட்டிக்கொண்டார். ஸ்டியரிங்கைக் கழற்ற ஒரு பார்வையாளரிடம் ஸ்பானர் கடன் வாங்க வேண்டியிருந்தது. அதற்கப்புறம் தன் ஸ்டியரிங்கிலேயே ஒரு ஸ்பானரை ஒட்டி வைத்துக்கொண்டு ஓட்டினார்.

9/ பிரான்ஸுக்கு எது? நிஜ 1967 ரேஸ் லே மான்ஸில் புகாட்டி டிராக்கில் நடந்தது. ஆனால் 1998-ல் வந்த 'கிராண்ட் பிரீ லெஜண்ட்ஸ்' கேமில் அதை விட்டுவிட்டு ரூவான் டிராக்கை வைத்தார்கள். "வரலாறு தப்பு" என்று இன்னும் சிலர் குறைப்படுகிறார்கள். என் ஓட்டு ரூவானுக்கே. 1964-லும் 1968-லும் ஃபார்முலா 1 ஓடிய டிராக்தான். மலைச்சரிவில் வேகமாக இறங்கி, கீழே கல் பாவிய ஹேர்பின்னில் பிரேக் பிடிக்கணும். அந்தக் காலத்துக்கு உண்மையாக இருந்தால் போதும், தேதிக்கு உண்மையாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

10/ மோன்ஸாவில் சிகேன் இல்லாத வடிவம்தான். சிகேன்கள் 1972-ல்தான் வந்தன. அதை வைத்து 1967 கார் ஓட்டினால் அது வேறு பரீட்சை. அந்த வருஷம் ஜிம் கிளார்க் பஞ்சரால் ஒரு முழுச் சுற்று பின்தங்கி, மறுபடி முதலிடம் பிடித்து, கடைசிச் சுற்றில் எஞ்சினுக்குப் பெட்ரோல் போகாமல் மூன்றாவதாக வந்தார். ஜான் சர்டீஸ் ஜெயித்தது 0.2 விநாடியில். முன்னால் போகும் காரின் காற்று மறைவில் ஒட்டிக்கொண்டே போகும் டிராக் என்பதால் வேகம் குறைந்தவரும் கூட்டத்தோடு இருக்கலாம். புதியவருக்கு இதைவிட நல்ல பரிசு இல்லை.

11/ ஆக என் வரிசை: கயலாமி, ஸாண்ட்ஃபோர்ட், மொனாக்கோ, ரூவான், ஸ்பா, நூர்பர்க்ரிங், மோன்ஸா, வாட்கின்ஸ் கிளென். முதல் இரண்டும் கார் பழக. நடுவில் நான்கும் நிதானத்துக்கு. மோன்ஸாவில் எல்லோரும் மறுபடி ஒன்று சேர்கிறோம். வாட்கின்ஸ் கிளென் சின்ன டிராக், கடைசி ரேஸில் யாரும் தனியாக ஓட வேண்டியிருக்காது. சில்வர்ஸ்டோன், மாஸ்போர்ட், மெக்சிகோ ரசிகர்கள் திட்டலாம். வாங்கிக்கறேன்.

12/ புள்ளிக் கணக்குக்கு 1967 விதியையே எடுப்போம். அன்றைக்கு முதல் 6 ரேஸில் சிறந்த 5, கடைசி 5-ல் சிறந்த 4 மட்டுமே சேர்ந்தது. நமக்கு முதல் 4-ல் 3, அடுத்த 4-ல் 3. நைட் டியூட்டி, குழந்தைக்குக் காய்ச்சல், கரண்ட் கட் எல்லாம் இதில் அடங்கும். "அப்போ எல்லாரும் நூர்பர்க்ரிங்குக்கு மட்டம் போடுவாங்களே?" போடட்டும். வருகிறவர் விரும்பி வரட்டும்.

13/ நீங்களும் இப்படி ஒரு லீக் நடத்துபவர் என்றால் ஓட்டெடுப்புக்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். நம் கூட்டத்தில் மிக மெதுவாக ஓட்டுபவருக்கு இந்த வரிசையில் ஆறாவது வாரமும் வரத் தோன்றுமா? வேகமான ஆள் எந்த டிராக் கொடுத்தாலும் வந்துவிடுவார். அவரைப் பற்றிக் கவலை வேண்டாம்.

14/ கடைசியா, அந்தக் கல்லூரித் தம்பிக்கு. இதைப் படிச்சா ஒரு மெசேஜ் போடுப்பா. இந்த முறை நூர்பர்க்ரிங் ஆறாவதுதான், 5 சுற்று மட்டும். அதுக்கு முன்னாடி ரெண்டு வியாழக்கிழமை ராத்திரி நான் முன்னால மெதுவா போறேன், நீ பின்னாலயே வா. எந்த இடத்துல காலை எடுக்கணும்னு காட்டறேன். போன தடவை சொல்லிக்கொடுக்காம விட்டது எங்க தப்பு.