பத்தாவதில் தவறியவனுக்கு யார் பொறுப்பு?

அரூரில் டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கிறேன். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில் கோட்டப்பட்டி, தீர்த்தமலைப் பக்கமிருந்து மகனைக் கூட்டிக்கொண்டு யாராவது ஒரு அப்பா வந்துவிடுவார். "ஃபெயிலாயிட்டான்ணா, ஏதாவது கத்துக்குடுங்க." பையனுக்கு வயது 16 இருக்கும். 18 முடியாதவனை நான் சேர்ப்பதில்லை. பேட்டரி ஆசிட்டும் பெட்ரோலும் புழங்கும் இடம் இது. துணைத் தேர்வு எழுதச் சொல்லி அனுப்புவேன். பல பேர் எழுதாமல் பெங்களூருக்கு சென்ட்ரிங் வேலைக்கு பஸ் ஏறிவிடுகிறார்கள். பெண்பிள்ளை என்றால் வீட்டில் கல்யாணப் பேச்சு ஆரம்பித்துவிடும். பிள்ளைகள் கைநழுவிப் போவது 16-க்கும் 18-க்கும் இடையிலான இந்த இரண்டு வருஷத்தில்தான்.

தமிழக அரசு 2024-இல் தொடங்கிய 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்தில் அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரியோ ஐடிஐயோ சேரும் பையனுக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்கும் சேராமல் நிற்பவனுக்கு நடப்பது ஒருநாள் ஆலோசனை முகாம்தான். சாப்பாடு போடுவார்கள், போட்டோ எடுப்பார்கள். மறுநாள் அவன் எங்கே என்று தேட ஆள் கிடையாது.

எங்கள் அரூர்ப் பக்கத்துச் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் வேறு மாதிரி செய்து காட்டியிருக்கிறார்கள். டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் 1993-இல் அங்கே வைத்தியம் பார்க்க வந்தபோது, அந்தப் பள்ளத்தாக்குப் பெண்களையே நர்ஸ் வேலைக்குப் பழக்கினார்கள். பிறகு கட்டடக்கலை படித்த அனுராதாவும் கிருஷ்ணாவும் 'துளிர்' மையத்தைத் தொடங்கி, பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளுக்குக் கட்டட வேலை, எலக்ட்ரிக் வேலை என்று சொல்லித்தந்தார்கள். முகாம் போட்டுவிட்டுக் கிளம்பவில்லை, ஊரிலேயே குடியிருந்தார்கள். விஷயம் அதில்தான் இருக்கிறது.

18 முடிந்து என் கடையில் சேரும் பையனுக்கு எந்த நட்டுக்கு எந்த ஸ்பேனர் என்பது சீக்கிரம் பிடிபட்டுவிடும். வண்டிக்காரர் முகத்தைப் பார்த்து, "பிஸ்டன் ரிங் போயிருச்சு சார், இவ்வளவு ஆகும்" என்று சொல்லத்தான் வருஷக்கணக்காகும். ஃபெயில் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் தரையைப் பார்த்தே பேசுவான். ஸ்பேர் வாங்க அவன் கையிலேயே பணத்தைக் கொடுத்துச் சேலத்துக்கு அனுப்புவேன். பில்லையும் மீதிச் சில்லறையையும் மேஜைமேல் வைத்து அவனே கணக்குச் சொல்லும்போது குரல் மாறியிருக்கும். எங்கள் தொழிலில் பலர் வாங்கும் விலையைப் பையன்களிடம் காட்ட மாட்டார்கள், தெரிந்தால் எதிரிலேயே கடை போட்டுவிடுவான் என்று பயம். போடட்டுமே, வேறெதற்குக் கற்றுக்கொடுக்கிறோம்?

'தமிழ்ப் புதல்வன்' தரும் அந்த 1,000 ரூபாயை, துணைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டே ஆபத்தில்லாத தொழில் ஒன்றைப் பாதி நாள் பழகும் 16, 17 வயதுப் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம். சொல்லித்தரும் தையல்காரர் போன்றவர்களுக்கும் ஒரு தொகை வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் 18 முடியும்வரை பின்தொடரப் பொறுப்பான ஒருவரை ஒன்றிய அளவில் பெயர் போட்டே நியமிக்க வேண்டும். பையன் ஒரு வாரம் வரவில்லை என்றால் அவர் அவன் வீட்டுக்கே போய் நிற்க வேண்டும்.

மே மாதம் ரிசல்ட் வருவதற்குள் செய்தால், பெங்களூர் பஸ்ஸில் கொஞ்சம் பேராவது ஏறாமல் இருப்பார்கள்.