அதிபர் அறிக்கையும் வராத பிள்ளைகளும்

மார்ச் மாதம் முடிய வளைகுடாவில் இருக்கிற இந்தியப் பாடத்திட்டப் பள்ளிக்கூடங்களில் வருடமும் முடிந்துவிடும். ஏப்ரலில் புது வகுப்பு. இரண்டுக்கும் இடையில் ரிப்போட் காட், பரிசளிப்பு விழா, பளபளவென்று ஒரு செய்திமடல். இத்தனை பேர் நூற்றுக்கு நூறு, இத்தனை கிண்ணம், ரோபோ செய்த பிள்ளைகளின் படம், யோகா, சதுரங்கம், பேச்சுப்போட்டி. இந்த வருடமும் துபாயில் இருக்கும் உறவினர் ஒருவர் தன் மகளுடைய பள்ளிக்கூடச் செய்திமடலை வட்சப்பில் அனுப்பியிருந்தார். பிள்ளையின் படம் இருந்தது. சந்தோசமாகப் பார்த்தேன். பார்த்துவிட்டு வைக்க முடியவில்லை. பழைய கதை ஒன்று ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது.

கனடாவுக்கு வருவதற்கு முன் சில வருடங்கள் நானும் சார்ஜாவில் ஒரு களஞ்சியத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன். என்னோடு ஊரில் படித்த ஒருவன் துபாயில் குசைஸ் பக்கம் குடும்பத்தோடு இருந்தான். வெள்ளிக்கிழமைகளில் அவன் வீட்டில்தான் எனக்குச் சோறு. நான் இங்கே வந்த பிறகும் தொடர்பு விடவில்லை. 2017 மார்ச்சில் ஒருநாள் இரவு போன் எடுத்தான்.

"மச்சான், பெடியன்ர ரிப்போட்டைத் தரமாட்டாங்களாம்."

"ஏன், சித்தியடையேல்லையோ?"

"அவன் வகுப்பில நாலாம் பிள்ளை. நான்தான் சித்தியடையேல்லை. ரெண்டு தவணைக் காசு கட்டேல்லை."

அவன் வேலை செய்த கட்டடக் கொம்பனி ஐந்து மாதமாகச் சம்பளம் கொடுக்கவில்லை. எண்ணெய் விலை விழுந்து பல ஒப்பந்தக்காரர்கள் தள்ளாடிய காலம் அது. வீட்டு வாடகைக்குக் கொடுத்த காசோலை ஒருபக்கம், பள்ளிக்கூடக் காசு மறுபக்கம். அதற்குள் ஒரு வேடிக்கை. அதே கிழமை வந்த பள்ளிக்கூடச் செய்திமடலில் விஞ்ஞானக் கண்காட்சிக் குழுப்படத்தில் மூன்றாவதாக நிற்கிறது இவன் மகன். பள்ளிக்கூடத்தின் சாதனைக் கணக்கில் பிள்ளை இருக்கிறான். ரிப்போட் மட்டும் கந்தோர் லாச்சிக்குள் இருக்கிறது.

அந்தப் பள்ளிக்கூடத்தைக் கொடுமைக்காரராகக் காட்டுவதற்காக இதை எழுதவில்லை. அங்கே படிப்பிக்கிற ரீச்சர்மாருக்கும் அந்தக் காசில்தான் சம்பளம். பிள்ளைகளின் காசை நம்பி நடக்கிற பள்ளிக்கூடம், காசு வராவிட்டால் ஏதாவது ஒன்றைப் பிடித்து வைக்கத்தான் பார்க்கும். எனக்கு உறைத்தது வேறு. அந்த வருடத்து அறிக்கையில் இந்தப் பிள்ளை எந்த இடத்தில் வருவான்? வெற்றி பெற்றவர்களுக்குள் வந்துவிட்டான். விட்டுப்போனவர்களுக்கு என்று ஒரு பக்கமே இல்லையே!

துபாயைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அங்கே படிக்கிற பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் தனியார் பள்ளிக்கூடங்களில்தான். 2023-24 இல் மூன்றரை லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள். அரசாங்கப் பள்ளிக்கூடங்களின் இலவசக் கல்வி அந்த நாட்டுப் பிள்ளைகளுக்குரியது. எங்களைப் போல வேலைக்குப் போனவர்கள் காசு கட்டித்தான் படிப்பிக்க வேண்டும். இந்தத் தனியார் பள்ளிக்கூடங்களைக் கண்காணிப்பது அறிவு மற்றும் மனிதவள மேம்பாட்டு ஆணையம். கே.எச்.டி.ஏ. என்றால் அங்குள்ள எல்லாப் பெற்றோருக்கும் தெரியும்.

2008 இல் அவர்கள் பள்ளிக்கூடப் பரிசோதனையைத் தொடங்கினார்கள். பரிசோதகர்கள் நாட்கணக்கில் வகுப்பில் இருந்து பார்த்து, பிள்ளைகளின் கொப்பியைப் புரட்டி, பெற்றோரிடம் கேட்டு, ஒரு தரம் போட்டு, முழு அறிக்கையையும் இணையத்தில் போட்டுவிடுவார்கள். எந்தப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எப்படி, அரபு எப்படி, பாதுகாப்பு எப்படி என்று யாரும் வாசிக்கலாம். 2023-24 இல் 209 பள்ளிக்கூடங்களைப் பார்த்தார்கள். 23 அதிசிறப்பு, 48 மிகநன்று, 85 நன்று, 51 ஏற்கத்தக்கது, 2 பலவீனம். நன்று அல்லது அதற்கு மேலான பள்ளிக்கூடங்களில் படிக்கும் பிள்ளைகள் 81 வீதம். முந்தின வருடம் இது 77 வீதம். இது நல்ல வேலை. ஒளிவு மறைவு இல்லாமல் இப்படி ஒவ்வொரு பள்ளிக்கூடத்தையும் பற்றிச் சனத்துக்குச் சொல்லும் வழக்கம் எங்கள் ஊரில் இருந்ததை நான் கண்டதில்லை. அதற்குப் பிறகு 2024-25 இல் முழுப் பரிசோதனைகளைப் பெரும்பாலும் நிறுத்தி வைத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் இந்தத் தரத்துக்கு ஒரு வாலும் இருந்தது. கட்டணத்தை எவ்வளவு கூட்டலாம் என்பதை இந்தத் தரத்தோடு முடிந்து வைத்திருந்தார்கள். 2023-24 இல் தரம் மாறாத பள்ளிக்கூடம் 3 வீதம் வரை கூட்டலாம். பலவீனத்திலிருந்து ஏற்கத்தக்கதுக்கு ஏறினால் 6 வீதம் வரை. தரம் இறங்கினால் கூட்டமுடியாது. பள்ளிக்கூடங்களை முன்னேற வைக்க நல்ல தூண்டுகோல்தான். ஆனால் தகப்பன் பக்கத்திலிருந்து பாருங்கள். பள்ளிக்கூடம் முன்னேறினால் கட்டணமும் முன்னேறும். தகப்பனின் சம்பளம் அப்படியே நிற்கும். அங்கே முன்னேற்றம் என்ற சொல்லைக் கேட்டால் வயிற்றில் புளி கரைக்கிற குடும்பங்களை எனக்குத் தெரியும்.

அதைவிடப் பெரிய கூட்டம் ஒன்று இந்தக் கணக்குக்குள்ளேயே வராது. குடும்பத்தைக் கூப்பிட்டு வைத்திருக்க மாதம் 4,000 திர்ஹம் சம்பளம் வேண்டும். அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும். சோனாப்பூர் முகாம்களில் கட்டிலுக்கு மேல் கட்டில் போட்டுப் படுத்திருக்கிற தொழிலாளிக்கு இது எட்டாத கனி. அவன் பிள்ளைகள் மட்டக்களப்பிலோ ராமநாதபுரத்திலோ படிக்கின்றன. வருட முடிவு ரிப்போட்டைத் தாய் படம் எடுத்து அனுப்புவாள். இவன் போனைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பான். கையெழுத்து வைக்கிற இடத்தில் தாயின் பெயர்தான் இருக்கும்.

மேலதிகச் செயற்பாடுகள் என்று பார்த்தாலும் அமீரகத்தை லேசாகச் சொல்லிவிட முடியாது. 2015 இல் அரபு வாசிப்புச் சவால் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஒரு பிள்ளை ஒரு வருடத்தில் 50 புத்தகம் வாசித்து, ஒவ்வொன்றையும் பற்றிச் சுருக்கமாகத் தன் கைப்பட எழுத வேண்டும். பல நாடுகளிலிருந்து இலட்சக்கணக்கான பிள்ளைகள் சேர்ந்தார்கள். 2017 இல் தென் அவுஸ்திரேலியக் கல்வித் துறையோடு சேர்ந்து துபாய்ப் பிள்ளைகளிடமே "நீ சந்தோசமாக இருக்கிறாயா, உன்னைக் கவனிக்கப் பள்ளிக்கூடத்தில் ஒரு பெரியவர் இருக்கிறாரா" என்ற வகையில் கேள்விகள் கேட்டு ஒரு கணக்கெடுப்பும் நடத்தினார்கள். பிள்ளையிடம் கேட்கத் தோன்றியதே பெரிய விசயம். ஆனால் கணக்கெடுப்பு நாளன்று வகுப்பில் இருக்கிற பிள்ளையிடம்தான் கேட்க முடியும்.

தமிழ்நாட்டுச் செய்தி ஒன்றையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2022 நவம்பரில் வினாடி வினாவில் வென்ற அறுபதுக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளி மாணவர்களை அமைச்சர் அன்பில் மகேஸ் அமீரகத்துக்குக் கூட்டிவந்து சார்ஜா புத்தகக் கண்காட்சியைக் காட்டினார். கூலி வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் விமானம் ஏறி வந்து புத்தகம் பார்த்ததை நினைத்தால் மனம் குளிர்கிறது. ஆனால் என்னை அதைவிடக் கவர்ந்தது அதே கல்வித் துறை 2021 அக்டோபரில் மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி. கொரோனாவில் பள்ளிக்கூடம் பூட்டிக்கிடந்ததால் பின்தங்கிய பிள்ளைகளுக்கு, ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை, பின்னேரங்களில் அவர்கள் வீட்டுக்குக் கிட்டவே தன்னார்வலர்கள் வந்து படிப்பித்தார்கள். ஒன்று முன்னுக்கு நிற்கிற பிள்ளையைக் கூட்டிப்போனது. மற்றது பின்னுக்கு நிற்கிற பிள்ளையைத் தேடிப்போனது. இரண்டும் வேண்டும். ஆனால் செய்திமடலில் படமாக வருவது எது என்று உங்களுக்குத் தெரியும்.

எனக்கு ஏன் இதில் இவ்வளவு கோபம் என்றால், வேறு மாதிரி ஒரு வருட முடிவு அறிக்கையை நான் கேட்டிருக்கிறேன்.

1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டோம். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் காலையில் அந்த ஊர்ப் பிள்ளைகள், மத்தியானத்துக்குப் பிறகு நாங்கள். இடம் காணாமல் வளவில் மரத்துக்குக் கீழேயும் வகுப்பு நடந்தது. அந்த மார்கழியில் எங்கள் அதிபர், பரிசளிப்பு விழா இல்லாவிட்டாலும் அதிபர் அறிக்கை வாசிக்கத்தான் வேண்டும் என்று எல்லாரையும் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்து அதிபர் அறிக்கை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பல்கலைக்கழகத்துக்கு எத்தனை பேர், துடுப்பாட்டத்தில் யாரை வென்றோம், பழைய மாணவர் சங்கம் கட்டித் தந்த கட்டடம்... அன்றைக்கு அவர் இடாப்பை எடுத்து வந்திருந்தார். வகுப்பு வகுப்பாக, யார் யார் இன்னும் வந்து சேரவில்லை என்று பெயர் வாசித்தார். "இவனைக் கண்டனீங்களோ? இவள் எங்கை இருக்கிறாள் எண்டு ஆருக்கும் தெரியுமோ?" என்று ஒவ்வொரு பெயருக்கும் நிறுத்திக் கேட்டார். ஒருத்தன் கிளிநொச்சிக்குப் போய்விட்டான் என்று பின்னால் இருந்து யாரோ சொல்ல, பென்சிலால் குறித்துக்கொண்டார். அரை மணித்தியாலத்துக்கு மேல் போனது. கடைசியில்தான் முதலாம் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கொப்பியும் பேனையும்.

அன்றைக்கு எனக்கு அலுப்பாக இருந்தது உண்மை. சின்ன வயது. இப்போது யோசித்தால், நான் கேட்ட அதிபர் அறிக்கைகளிலேயே உண்மையான அறிக்கை அதுதான். குசைஸ் நண்பனும் அன்றைக்கு என் பக்கத்தில்தான் இருந்தான். மகனின் ரிப்போட் பற்றிச் சொன்ன இரவு அவனே கேட்டான்: "எங்கட அதிபர் எண்டால் எங்கட வீட்டை வந்திருப்பார், என்ன?"

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நண்பன் மனைவியையும் பிள்ளைகளையும் வவுனியாவுக்கு அனுப்பினான். ரிப்போட்டும் இல்லை, விடுகைப் பத்திரமும் இல்லை. அங்கே ஒரு அதிபர் பிள்ளையை இருத்தி ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து நாலு கணக்குப் போடச் சொன்னாராம். போட்டான். தமிழில் ஒரு பந்தி வாசிக்கச் சொன்னாராம். திக்கித் திணறிப்போனான். அரபு எழுத்துத் தெரியும், ஹிந்தி எழுத்துத் தெரியும், இங்கிலீசு தண்ணீர்பட்ட பாடு. தமிழ் வீட்டில் பேசினதோடு சரி. அந்தச் செய்திமடலில் இருந்த எத்தனையோ செயற்பாடுகளில் பிள்ளையின் சொந்த மொழிக்கு ஒரு மூலை கிடைக்கவில்லை. "பரவாயில்லை, இருக்கட்டும்" என்று அதிபர் சேர்த்துக்கொண்டார். 1945 இலிருந்து இலவசக் கல்வி நடக்கிற நாட்டில் அவருக்கு அப்படிச் சொல்ல முடிந்தது. எங்களை அடித்துத் துரத்திய நாடுதான். ஆனாலும் இதைச் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவன் ஆவேன். பெடியன் ஒரு வருடம் பின்தங்கிப் படித்து இப்போது உயர்தரத்துக்கு வந்துவிட்டான். அந்த ஐந்தாம் வகுப்பு ரிப்போட் இன்றுவரை கைக்கு வரவில்லை.

என்னுடைய கருத்து இதுதான். எந்தப் பள்ளிக்கூடமோ, எந்தக் கல்வி ஆணையமோ, வருட முடிவில் அறிக்கை விட்டால் அதில் மூன்று எண்கள் கட்டாயம் இருக்க வேண்டும். நடு வருடத்தில் விட்டுப்போன பிள்ளைகள் எத்தனை, ஏன் போனார்கள்? காசுக்காக ரிப்போட்டோ பத்திரமோ பிடித்து வைக்கப்பட்ட பிள்ளைகள் எத்தனை? மேலதிகச் செயற்பாடுகளில் ஒன்றிலாவது சேர்ந்த பிள்ளைகள் நூற்றுக்கு எத்தனை? கிண்ணங்களின் எண்ணிக்கை அதற்குப் பிறகு வரட்டும். காசு பாக்கி என்றால் தகப்பனிடம் தவணை முறையில் வாங்குங்கள், வழக்குப் போடுங்கள். பிள்ளை உழைத்து வாங்கிய புள்ளிகள் பிள்ளையுடையவை. அவை அடகுப் பொருள் அல்ல.

இது துபாய்க்கு மட்டும் சொல்லும் புத்தி அல்ல. எங்களுக்கும் உண்டு. ரொறன்ரோவிலும் லண்டனிலும் பழைய மாணவர் சங்கங்கள் வருடாவருடம் இராப்போசனம் வைத்துக் காசு சேர்த்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகின்றன. நானும் கொடுக்கிறவன்தான். முதலாம் பிள்ளைக்குத் தங்கப் பதக்கம், மேடைக்குத் திரைச்சீலை, நுழைவாயிலுக்கு வளைவு. அடுத்த முறை காசு கொடுக்கும்போது அதிபரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "சேர், இந்த வருசம் இடாப்பில் பெயர் இருந்தும் வராமல் விட்ட பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்கள் வீட்டுக்கு யாராவது போனீர்களா?"

பதில் சொல்ல அவருக்குக் கொஞ்ச நேரம் எடுக்கும். பொறுத்திருந்து கேளுங்கள். காசை எதற்கு அனுப்பவேண்டும் என்று அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.