ஊர் திரும்பிய கல்

சாகசப் படங்களை வீட்டில் போட்டுப் பார்ப்பதில் ஒரு சங்கடம் உண்டு. நிறுத்திப் பார்க்கலாம். தியேட்டரில் அந்த வசதி கிடையாது. உருண்டு வரும் பாறைக்கு முன்னால் நாயகன் ஓடினால் நாமும் கூடவே ஓட வேண்டியதுதான். இந்தப் பாறையை யார், எதற்காக அங்கே ஏற்றி வைத்தார்கள் என்று கேட்க அவகாசம் இருக்காது. வீட்டில் ரிமோட் கையில் இருக்கிறது. ஒரு காபி போட்டுக்கொண்டு வந்து நிதானமாகக் கேட்கலாம்.

இண்டியானா ஜோன்ஸ் படங்களைச் சமீபத்தில் இப்படித்தான் வரிசையாகப் பார்த்தேன். 2008லும் 2023லும் இன்னும் இரண்டு படங்கள் வந்துவிட்டன. ஆனாலும் ரசிகர்களுக்கு இண்டியானா ஜோன்ஸ் என்றால் முதல் மூன்றுதான்: ‘ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்’ (1981), ‘டெம்பிள் ஆஃப் டூம்’ (1984), ‘லாஸ்ட் க்ரூசேட்’ (1989). கதை யோசனை ஜார்ஜ் லூகாஸுடையது. இயக்கம் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். தொப்பியும் சாட்டையும் ஹாரிசன் ஃபோர்டுக்கு.

வீட்டில் பார்க்கிற பழக்கத்தை வளர்த்ததில் இந்தப் படங்களுக்கே ஒரு பங்கு உண்டு. 1983ல் முதல் படத்தின் கேஸட்டை பாரமவுண்ட் நிறுவனம் 39.95 டாலருக்கு அமெரிக்கச் சந்தையில் விட்டது. அன்று பல படங்களின் கேஸட் விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. வாடகைக் கடைக்காரர்களை நம்பி வைத்த விலை அது. இது, குடும்பஸ்தர் வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்வதற்கான விலை. பிறகு 2003ல் மூன்றும் டிவிடியாக, 2012ல் ப்ளூ ரேயாக, 2021ல் 4கே வட்டாக வந்தன. ஒவ்வொரு முறையும் படம் இன்னும் துல்லியமானது. துல்லியம் கூடக் கூடப் பழைய ஒட்டுப்போட்ட இடங்களும் தெரியத் தொடங்கின. முதல் படத்தில் நாயகன் ஒரு நாகப்பாம்புக்கு நேருக்கு நேர் முகம் கொடுத்துக் கிடப்பார். நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு இருந்தது. அதில் பாம்பின் பிரதிபிம்பம் விழுந்திருந்தது. டிவிடி வந்தபோது கம்ப்யூட்டர் அதைத் துடைத்துவிட்டது.

இரண்டாவது படத்தில் அப்படித் துடைக்க முடியாத சில இருக்கின்றன. அவை நம்மைப் பற்றியவை.

கதை நடப்பது 1935ல், இந்தியாவில். வறண்டு கிடக்கும் மாயாபூர் என்ற கிராமம். அங்கிருந்த சிவலிங்கக் கல்லைப் பாங்கோட் அரண்மனை ஆட்கள் கொண்டுபோய்விட்டார்கள். குழந்தைகளையும் பிடித்துப் போய்விட்டார்கள். அரண்மனைக்கு அடியில் காளிக்கு நரபலி. படப்பிடிப்பை ஆமேர் கோட்டையிலும் வட இந்தியாவிலும் நடத்தத் திட்டமிட்டிருந்தார்கள். கதையைப் படித்த இந்திய அரசு, மாற்றங்கள் வேண்டும், இறுதி எடிட்டிங்கிலும் தனக்கு உரிமை வேண்டும் என்றது. படக்குழு 1983ல் இலங்கைக்கு, கண்டிப் பக்கம், போய்விட்டது. படம் இந்தியத் திரையரங்குகளுக்கு வரவில்லை. தணிக்கைத் துறை தடுத்து வைத்தது. பிறகு வீடியோவில் வந்தபோதுதான் தடை விலகியது. ஆக, இந்தியாவைப் பற்றிய இந்த ஹாலிவுட் படத்தை இந்தியர்கள் முறையாகப் பார்க்க முடிந்ததே வீட்டு டிவியில்தான்.

மொழிபெயர்ப்பைப் பிழைப்பாகக் கொண்டவனுக்கு இந்தப் படத்தில் முதலில் உறுத்துவது கண்ணுக்கு அல்ல, காதுக்கு. இந்தியக் கிராமத்து மக்கள் சிங்களம் பேசுகிறார்கள். பூசாரி மோலா ராமாக வரும் அம்ரீஷ் பூரி இந்தியில் மந்திரம் சொல்கிறார். அரண்மனைப் பிரதமராக வரும் ரோஷன் சேத் அப்பழுக்கற்ற ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலம் பேசுகிறார். ஒரு நாள் பயண தூரத்துக்குள் மூன்று மொழி. யாருக்கும் துபாஷி தேவைப்படவில்லை. கிராமத்துப் பெரியவராக நடித்தவர் இலங்கை நடிகர் டி.ஆர். நாணயக்கார. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. கேமராவுக்கு வெளியே நின்று ஸ்பீல்பெர்க் ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொடுக்க, அவர் திருப்பிச் சொன்னார். வரிக்கு வரி அவர் நிறுத்துகிற அந்த மௌனம், அடுத்த வரிக்காகக் காத்திருந்த மௌனம். திரையில் அது துக்கத்தின் கனமாக விழுகிறது. தெரியாத மொழியில் இவ்வளவு நன்றாக நடிப்பது சாதாரண விஷயம் அல்ல.

அந்தப் பிரசித்தி பெற்ற விருந்துக்கு வருவோம். பாம்பின் வயிற்றிலிருந்து நெளியும் குட்டிகள், வண்டு வறுவல், கண்முழி மிதக்கும் சூப், கடைசியில் குளிரவைத்த குரங்கு மூளை. இந்தியாவில் எந்த மகாராஜாவின் சமையல் அறையிலும் இந்தப் பட்டியல் இருந்ததில்லை. பொம்மையில் ஊசி குத்தி எதிரியை வதைக்கும் ஊடு வித்தையும் இந்தச் சுரங்கத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. சிவனும் காளியும் எதிரெதிர்க் கட்சிகளாக இருக்கிறார்கள். திருவாலங்காட்டில் சிவனோடு நடனப் போட்டியில் இறங்கியவள் காளி என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது வேடிக்கைதான். அது குடும்பச் சண்டை. ஒருவர் கல்லை ஒருவர் திருடும் பகை அல்ல.

தக்கர்களை ஆங்கிலேயர் அடக்கியது 1830களில். படம் அவர்களை நூறு வருடம் கழித்து எழுப்பிக்கொண்டு வருகிறது. கடைசியில் பிரிட்டிஷ் அதிகாரியின் தலைமையில் துப்பாக்கிப் படை வந்து எல்லோரையும் காப்பாற்றுகிறது. 1935 என்பது இந்திய அரசுச் சட்டம் வந்த வருடம். மாகாண சுயாட்சியைப் பற்றி நாடே பேசிக்கொண்டிருந்த வருடம். அந்தச் சத்தம் எதுவும் பாங்கோட்டை எட்டவில்லை. இந்தக் காளி, இந்தத் தக்கர், இந்தச் சிப்பாய்கள் எல்லோரும் 1939ல் வந்த ‘கங்கா தின்’ படத்திலிருந்து நேராக நடந்து வந்தவர்கள். அந்தப் படமும் இந்தியாவில் எடுக்கப்படவில்லை, கலிபோர்னியாவில் எடுக்கப்பட்டது. இவர்கள் இந்தியாவைப் பார்த்து இந்தியாவை எடுக்கவில்லை. இன்னொரு படத்தைப் பார்த்து எடுத்தார்கள்.

இதோடு நிறுத்திக்கொண்டால் இது வழக்கமான புகார்ப் பட்டியல். அதை 1984லிருந்தே பலரும் வாசித்துவிட்டார்கள். மூன்று படங்களையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போதுதான் வேறொன்று தெரிகிறது.

இண்டியானா ஜோன்ஸ் தொல்லியல் பேராசிரியர். எடுத்த பொருளை என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். முதல் படத்தின் தொடக்கத்தில் பெருவின் காட்டிலிருந்து தங்கச் சிலையை எடுக்கிறார். அது அமெரிக்க மியூசியத்துக்காக. போட்டியாளன் பிடுங்கிக்கொள்கிறான். அந்தச் சிலைக்கு உரிய மக்கள் அம்பும் வில்லுமாக நிற்கிறார்கள். அவர்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. உடன்படிக்கைப் பேழை கடைசியில் அமெரிக்க அரசாங்கக் கிடங்கில் ஆயிரம் மரப்பெட்டிகளுக்கு நடுவே மறைகிறது. மூன்றாவது படத்தில் ஒரு தங்கச் சிலுவை, அதுவும் மியூசியத்துக்குத்தான். புனிதக் கிண்ணம் பாறைப் பிளவில் விழுந்து யாருக்கும் இல்லாமல் போகிறது.

ஒரே ஒரு பொருள்தான் எடுத்த இடத்துக்கே திரும்பிப் போகிறது. மாயாபூரின் கல். நம்மை இவ்வளவு அவமதித்த படத்தில்தான் நாயகன் சொந்தக்காரர்களிடம் சொத்தைக் கொண்டுவந்து கொடுக்கிறான். வைத்துக்கொண்டிருக்கலாமே என்று கேட்கும் பெண்ணிடம், மியூசியத்தில் இது தூசி படியும் இன்னொரு கல்லாகத்தான் கிடக்கும் என்கிறான். கல் வந்ததும் வயல் பச்சையாகிறது.

நமக்கு இது வெறும் படக் கதை அல்ல. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானின் சோழர் கால நடராஜர் 2006ல் திருடப்பட்டார். 2008ல் ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் அவரைச் சுமார் ஐம்பது லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லியில் இந்தியப் பிரதமரிடம் அவரை ஒப்படைத்தார். சிலையை விற்ற சுபாஷ் கபூருக்கு 2022ல் கும்பகோணம் நீதிமன்றம் பத்து ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. ஆனால் டெல்லி வந்த நடராஜர் ஸ்ரீபுரந்தான் கோயிலுக்குப் போகவில்லை. கும்பகோணத்தின் திருமேனிப் பாதுகாப்பு மையத்துக்குப் போனார். கோயிலில் வைத்தால் மறுபடியும் திருடுவார்கள் என்ற நியாயமான பயம். பேழை போன கிடங்கு அளவுக்கு மோசம் இல்லை, ஆனாலும் கிடங்குதான்.

இதைவிட வலிப்பது வேறு. மாயாபூர்ப் பெரியவருக்குத் தங்கள் கல் போனது தெரியும். எந்த நாள் போனது, யார் கொண்டுபோனார்கள், போனபின் கிணறு என்ன ஆனது என்று அவரால் சொல்ல முடிகிறது. ஸ்ரீபுரந்தானில் கோயில் பெரும்பாலும் பூட்டியே கிடந்தது. திருட்டு நடந்தது 2006ல். வெளியே தெரிந்தது 2008ல். காணாமல் போனதே தெரியாத ஊருக்கு எந்த வீரனும் எதையும் மீட்டுத் தர முடியாது.

பிறகு அது அந்த ஊர் நடராஜர்தான் என்று நிரூபித்தது எது? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள். திருட்டுக்குப் பல வருடங்கள் முன்பே யாரோ ஒருவர் தமிழ்நாட்டுக் கோயில் கோயிலாகப் போய், பூட்டைத் திறக்கச் சொல்லி, திருமேனிகளை வெளிச்சத்தில் நிறுத்தி, ஒவ்வொன்றாகப் படம் எடுத்து, ஊர்ப் பெயர் எழுதி அடுக்கி வைத்திருக்கிறார். சாட்டை கிடையாது, பாறை உருளவில்லை. இந்த வேலையை வைத்து யாரும் படம் எடுக்கப் போவதில்லை. உங்கள் ஊர்க் கோயிலில் அப்படி ஒரு பட்டியல் இருக்கிறதா என்று அடுத்த முறை போகும்போது கேட்டுப் பாருங்கள்.