புன்னகையோடு முடிந்துவிடக் கூடாத பணி

பிறவியிலேயே மேலுதடு பிளவுபட்ட குழந்தைக்குச் செய்யப்படும் அறுவை சிகிச்சை பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடக் கூடியது. வசதி படைத்த நாடுகளில் குழந்தைக்கு ஆறு மாதம் நிறைவதற்குள்ளாகவே அது செய்யப்பட்டுவிடுகிறது. ஆனால், எத்தியோப்பியாவின் மலைக் கிராமங்களிலும் மடகாஸ்கரின் உட்பகுதிகளிலும் இதே சிகிச்சைக்காக இளமைப் பருவம் முழுவதும் காத்திருந்தவர்கள் பலர்.

உலக அளவில் ஏறத்தாழ 700 குழந்தைகளில் ஒன்று உதட்டுப் பிளவுடனோ அண்ணப் பிளவுடனோ பிறக்கிறது. ஆப்பிரிக்காவில் இந்த விகிதம் சற்றுக் குறைவு, பாதிப்போ அதிகம். அண்ணம் பிளவுபட்ட குழந்தையால் தாய்ப்பாலை உறிஞ்ச முடியாது. அதனால் ஊட்டச்சத்துக் குறைபாடு ஏற்படுகிறது. வறுமை மிகுந்த ஊர்களில் அது உயிரையே பறித்துவிடுகிறது. பிழைத்த குழந்தைகளைப் பேச்சுக் குறைபாடும் காது நோயும் வாட்டுகின்றன. கிரகணத்தின்போது கர்ப்பிணி வெளியே வந்ததுதான் காரணம் என்று நம் ஊர்களில் சொல்லப்படுவதுபோல, அங்கே சாபம் என்றும் தீய ஆவியின் வேலை என்றும் சொல்கிறார்கள். பழி பெரும்பாலும் தாயின்மீதே விழுகிறது.

இத்தகைய சூழலில் தன்னார்வ மருத்துவர்களின் தொண்டு போற்றுதலுக்குரியது. 1982-இல் தொடங்கப்பட்ட 'ஆபரேஷன் ஸ்மைல்', 1978-இல் தொடங்கப்பட்டு மருத்துவமனைக் கப்பல்களை ஆப்பிரிக்கத் துறைமுகங்களுக்கு அனுப்பிவரும் 'மெர்சி ஷிப்ஸ்' போன்ற அமைப்புகள் வழியாக, அறுவை சிகிச்சை நிபுணர்களும் செவிலியர்களும் தங்கள் விடுமுறையைச் செலவிட்டு ஊதியமின்றிப் பணியாற்றுகின்றனர். அவர்களால் பள்ளிக்குச் செல்லத் துணிந்த குழந்தைகள் ஏராளம்.

எனினும், ஓரிரு வாரங்களே நடைபெறும் முகாம்களுக்கு எல்லைகள் உண்டு. ரத்தசோகையோ சளிக் காய்ச்சலோ உள்ள குழந்தைக்கு மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து. நெடுந்தொலைவு நடந்து வந்த தாய், குழந்தையுடன் அப்படியே திரும்ப நேரிடுகிறது. அடுத்த முகாம் எப்போது என்பது அவருக்குத் தெரியாது. மேலும், உதட்டைத் தைப்பதோடு சிகிச்சை முடிந்துவிடுவதில்லை. ஒன்றரை வயதுக்குள் அண்ணத்தைச் சரிசெய்ய வேண்டும். பிறகு பேச்சுப் பயிற்சி, பல் சீரமைப்பு, தேவைப்பட்டால் ஈறில் எலும்பு ஒட்டு எனப் பதின்பருவம் வரை அது நீளும். தையல் பிரிந்தாலோ அண்ணத்தில் துளை விழுந்தாலோ, விமானம் ஏறிவிட்ட மருத்துவரை எங்கே தேடுவது?

உதட்டுப் பிளவு ஒரு பெரிய குறையின் வெளித்தோற்றம் மட்டுமே. உலகில் 500 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான, கட்டுப்படியாகும் அறுவை சிகிச்சை கிடைப்பதில்லை என்று 2015-இல் 'லான்செட்' ஆணையம் சுட்டிக்காட்டியது. ஒரு லட்சம் மக்களுக்கு அறுவை சிகிச்சை, மயக்கவியல், மகப்பேறு நிபுணர்கள் குறைந்தது 20 பேராவது தேவை என்றும் அது வரையறுத்தது. சகாராவுக்குத் தெற்கே உள்ள பல நாடுகள் அந்த அளவை நெருங்கவே இல்லை. அண்ணப் பிளவைத் தைக்க ஆளில்லாத மாவட்ட மருத்துவமனையில், சிக்கலான பிரசவத்துக்கும் விபத்தில் அடிபட்டவருக்கும் அதே கதிதான்.

மாற்று வழி கண்ணெதிரே இருக்கிறது. 1999-இல் தொடங்கப்பட்ட 'ஸ்மைல் ட்ரெயின்' அமைப்பு, வெளிநாட்டு மருத்துவர்களை அனுப்புவதற்குப் பதிலாக உள்ளூர் மருத்துவர்களுக்குப் பயிற்சியும் நிதியும் அளிக்கிறது. ஆஸ்கர் விருது பெற்ற 'ஸ்மைல் பிங்கி' ஆவணப்படத்தில் உத்தரப் பிரதேசச் சிறுமிக்குச் சிகிச்சை அளித்தவர் வாராணசி மருத்துவரே. கிழக்கு, மத்திய, தெற்கு ஆப்பிரிக்க நாடுகளின் அறுவை சிகிச்சை நிபுணர்கள் கல்லூரி, தங்கள் மண்ணிலேயே மருத்துவர்களைப் பயிற்றுவித்து வருகிறது. முகாம் நடத்தும் அமைப்புகளும் இன்று பயிற்சிக்கு முக்கியத்துவம் தரத் தொடங்கியிருப்பது நல்ல மாற்றம்.

ஆனால், பயிற்சி பெற்றவர் தம் நாட்டிலேயே தங்க வேண்டுமே! தன்னார்வலர்களை அனுப்பும் செல்வந்த நாடுகள்தான் ஆப்பிரிக்க மருத்துவர்களையும் செவிலியர்களையும் தங்கள் மருத்துவமனைகளுக்கு ஈர்த்துக்கொள்கின்றன. இதில் நெறிமுறை தேவை என 2010-இலேயே உலக சுகாதார அமைப்பு ஒரு விதித்தொகுப்பை ஏற்றது. அதற்குச் சட்ட வலிமை இல்லை. ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்துக்கொள்வது தொண்டாகாது. ஆப்பிரிக்க அரசுகளும் அறுவை அரங்கு, ஆக்சிஜன், நிபுணர்களின் ஊதியம் ஆகியவற்றை நன்கொடையாளர்களின் பொறுப்பில் விட்டுவிடலாகாது.

முகாமின் வெற்றியை அறுவை சிகிச்சைகளின் எண்ணிக்கையால் மட்டும் அளப்பது போதாது. அந்த ஊருக்கு மீண்டும் ஒரு முகாம் தேவைப்படாத நாளை அது எவ்வளவு விரைவுபடுத்துகிறது என்பதே சரியான அளவுகோல்.