பங்கர் விற்கும் முதலாளிமாருக்கு, இன்ஜின் ரூமிலிருந்து

கப்பல்களுக்கு எண்ணெய், அதாவது பங்கர், விற்கும் ஐயாமாருக்கு,

எண்ணெய்ப் பார்ஜ் வந்து கப்பலோடு ஒட்டியதுமே குழாயை மாட்டச் சொல்லி உங்கள் ஆட்கள் பறக்கிறார்கள். எண்ணெய் சரியில்லை என்று பிறகு நாங்கள் மெயில் போட்டால் மட்டும் யாருக்கும் அவசரம் இருப்பதில்லை.

அளவைப் பற்றி அதிகம் பேசவில்லை. காற்றை ஊதி எண்ணெயை நுரைக்க வைத்துக் கூடுதல் டன் காட்டிய வித்தைக்கு சிங்கப்பூர் 2017 ஜனவரியில் கடிவாளம் போட்டது. எண்ணெயின் எடையையே அளக்கும் மாஸ் ஃப்ளோ மீட்டர் இல்லாமல் அங்கே ஃபர்னஸ் ஆயில் ஏற்ற முடியாது. உலகிலேயே அதிகமாக பங்கர் விற்கும் துறைமுகம் அது. 2024-ல் மட்டும் ஏறக்குறைய ஐந்தரைக் கோடி டன். சரி, டன் குறையவில்லை. தரம்?

2022 தொடக்கத்தில் அதே சிங்கப்பூரில் சுமார் 200 கப்பல்கள் ஏற்றிய எண்ணெயில் குளோரின் சேர்ந்த கரிமச் சேர்மங்கள் இருந்தன. ஏறத்தாழ 80 கப்பல்களில் ஃபியூவல் பம்பும் இன்ஜினும் மக்கர் செய்தன. அப்போதைய வாடிக்கையான ஐஎஸ்ஓ 8217 தரச் சோதனையில் இந்தச் சேர்மங்கள் சிக்கவில்லை. ரிப்போர்ட்டில் எல்லாம் சரியாக இருந்தது; பம்புக்குள் ஏறி இறங்க வேண்டிய பிளஞ்சர் இறுகிப்போய் நின்றது. பிளஞ்சருக்கும் அதைச் சுற்றியுள்ள பேரலுக்கும் நடுவே உள்ள இடைவெளி மைக்ரான் கணக்கு. ஆடுகிற கப்பலில், வேர்வை கண்ணை மறைக்க, அதைக் கழற்றி மாட்டுகிறவர்கள் நான்காம் இன்ஜினியரும் ஃபிட்டரும். உங்கள் பதிலோ எப்போதும் ஒன்றுதான்: “பியூரிஃபையரை ஒழுங்காக ஓட்டினீர்களா?” ஓட்டினோம் ஐயா. பியூரிஃபையர் தண்ணீரையும் கசடையும் பிரிக்கும். எண்ணெயில் கரைந்த ரசாயனத்தை என்ன செய்யும்?

சாம்பிள் கதை தனி. எண்ணெய் ஏறும் நேரம் முழுக்க, குழாய் மாட்டும் கப்பல் மேனிஃபோல்டில் சொட்டுச் சொட்டாகப் பிடிக்க வேண்டியது அது. சில இடங்களில் பார்ஜிலிருந்தே சீல் வைத்த பாட்டில்கள் வருகின்றன, கூடவே “சைன் பண்ணுங்க சார்” என்று ஒரு பேனாவும். மறுத்தால் கப்பல் தாமதம், கம்பெனியிடம் திட்டு. பின்னால் வழக்கென்று வந்தால் அந்தக் கையெழுத்தைத்தான் எங்கள் முகத்தில் நீட்டுகிறீர்கள்.

புகார் சொல்லும் கெடுவும் அப்படித்தான். பல ஒப்பந்தங்களில் இரண்டு வாரம்தான், சிலவற்றில் அதைவிடக் குறைவு. ஏற்றிய எண்ணெயைப் பல நேரம் அதற்குள் எரிக்கத் தொடங்கியிருக்கவே மாட்டோம்.

2024 ஜூன் முதல், குளோரின் சேர்மங்களுக்கான சோதனை முடிந்த பிறகே கப்பலுக்கு எண்ணெய் கொடுக்க வேண்டும் என்கிறது சிங்கப்பூர். சட்டம் கேட்கும் துறைமுகத்தில் செய்வதை, கேட்காத துறைமுகத்திலும் செய்யுங்கள். அந்தச் சோதனையின் அறிக்கையை டெலிவரி நோட்டோடு கொடுங்கள். கெடுவை எண்ணெய் ஏற்றிய நாளிலிருந்து எண்ணாமல், எரிக்கத் தொடங்கிய நாளிலிருந்து எண்ணுங்கள். அதுவரை சந்தேகமுள்ள ஒவ்வொரு பங்கருக்கும் எதிர்ப்புக் கடிதம் கொடுத்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடும்படி சக இன்ஜினியர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கப்பல் இன்ஜினியர்