ஓட்டு வீட்டுக்குள் குளிர்காற்று

கனடாவில் குளிர்காலத்தைப் பெரும்பாலும் வீட்டின் அடித்தளத்தில் இருக்கும் உலைதான் கடத்திவிடுகிறது. எரிவாயுவால் காற்றைச் சூடாக்கி, விசிறியால் தள்ளி, தகரக் குழாய்கள் வழியே அறை அறையாக அனுப்பும். கோடையில் அதே குழாய்களில் குளிர்காற்று. கதவு ஜன்னல் இடுக்குகளையெல்லாம் அடைத்துக் கட்டிய வீடுகள் என்பதால் அனுப்பிய காற்று உள்ளேயே நிற்கிறது.

இந்தச் சுகத்துக்குப் பழகிய ஒரு மகள், மட்டாஞ்சேரியில் தனியாக வசிக்கும் தாயாரின் வீட்டுக்கும் குழாய் போட்டுவிடலாம் என்கிறார். எதிர்வீட்டு மாமிக்கு வயது 76. கருவிகளின் கையேடுகளைத் தமிழாக்கிக் கொடுப்பவன் என்பதால் என்னிடம் அபிப்பிராயம் கேட்டார். "ஐஸ் பெட்டிக்குள்ள உக்காரணும்னு ஆசையில்லேப்பா. ராத்திரி தூங்கினா போறும்."

நியாயமான கோரிக்கை. ஏப்ரலில் கொச்சியின் பகல் வெப்பம் 33, 34 டிகிரிதான். வேலூர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் இங்கே எதிரி வெப்பமல்ல, ஈரம். கடலும் காயலும் சூழ்ந்த ஊரில் வியர்வை உலர்வதில்லை. இரவிலும் உடம்பு ஆறுவதில்லை. வயதானவர்களுக்கு இது வெறும் அசௌகரியம் அல்ல, ஆபத்து. 2024 ஏப்ரல் இறுதியில் பாலக்காட்டில் வெப்ப அலை அறிவிக்கப்பட்டது. அடுத்த சில நாட்களில் கேரளத்தின் மின்தேவை அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது.

ஆகவே ஏ.சி. ஆடம்பரமா என்பது பழைய கேள்வி. வீடு அதற்குத் தோதானதா என்பதே இப்போது கேட்க வேண்டியது. மாமியின் வீட்டுக்குச் செம்புராங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, மேலே மங்களூர் ஓடு. 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் ஆலை தொடங்கியபின் மேற்குக் கரை முழுக்கப் பரவிய ஓடு இது. மெல்லியது, பகலில் காய்ந்தாலும் இரவில் சீக்கிரம் ஆறிவிடும். நள்ளிரவு வரை சூட்டைக் கக்கும் கான்கிரீட் தளத்தின் குணம் இதற்கு இல்லை. ஓடுகளின் இடுக்கு வழியே சூடான காற்று மேலே போய்விடும். கட்டியவர்கள் அதைத்தான் விரும்பினார்கள். ஏ.சி.க்கு அதுவே சத்துரு.

மாடி அறையில் ஊதுவத்தி ஏற்றிவைத்துப் பார்த்தோம். புகை நேராக ஓட்டிடுக்கில் நுழைந்து மறைந்தது. அங்கே ஏ.சி. வைத்தால் மட்டாஞ்சேரித் தெருவின் ஈரத்தையெல்லாம் அது ஒற்றையாளாகப் பிழிய வேண்டும். குளிர்ந்த சுவரில் ஈரம் படிந்து பூஞ்சணம் பூக்கும். சுண்ணாம்பின்மேல் பளபள பெயிண்ட் அடித்திருந்தால் கேட்கவே வேண்டாம். குழாய்களை ஓட்டுக்கடியில் கொண்டுபோவது இன்னும் மோசம்: வீட்டிலேயே அதிகம் காய்கிற இடம் அதுதான்.

கீழே, பலகை மச்சு போட்ட சிறிய அறை ஒன்று இருக்கிறது. பலகை இடுக்குகளை அடைத்து, கதவடியில் ரப்பர் பட்டை வைத்து, அந்த ஓர் அறைக்கு மட்டும் ஒரு டன் ஏ.சி. போதும் என்றேன். (டன் என்பது கருவியின் எடையல்ல, ஒரு டன் பனிக்கட்டி ஒரு நாளில் உருகும்போது உறிஞ்சும் வெப்பத்தின் கணக்கு.) பெரிதாக வாங்குவது நல்லது என்று கடைக்காரர் சொல்வார். கேட்காதீர்கள். அளவுக்கு மீறிய கருவி அறையைச் சட்டென்று குளிர்வித்துவிட்டு ஓய்ந்துவிடும். ஈரத்தை இழுக்க அதற்கு நேரமே கிடைக்காது. ஈரத்துணி போர்த்தியதுபோலக் குளிரும்.

மிச்சம் மின்கட்டணம். இரவு எட்டு மணி நேரத்துக்கு ஐந்தாறு யூனிட் என்றாலும் மாதம் 150க்கு மேல். கேரள மின்வாரியத்தின் வீட்டுக் கணக்கில் மாதம் 250 யூனிட்டைத் தாண்டினால் படிப்படியான சலுகை போய், முதல் யூனிட்டிலிருந்தே உயர்ந்த விகிதம் வந்துவிடும். நட்சத்திர முத்திரையுள்ள ஏ.சி.க்கள் 2020 ஜனவரி முதல் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்கப்பட்டே வருகின்றன. மாமிக்கு 27 போதும், மின்விசிறியும் கூடச் சுழன்றால்.